சைவ வீட்டில் நத்தார் ஆயத்தம்

இம்முறை எமது இல்லத்தில் நத்தார் கொண்டாடப்பட இருக்கிறது. இதனைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், "எப்பொழுது வேதத்திற் சேர்ந்தீர்கள்?" என்று எம்மை வினவினார். நாம் வேதத்திற் சேரவில்லை. திருநீறு அணிந்தே இவ்வரிகளை எழுதுகின்றோம். ஆயினும் மானிப்பாயிலுள்ள எமது வீட்டின் முன் விறாந்தையில், இன்னும் சில நாட்களிற் பாலன் குடில் ஒன்று எழும்பப் போகின்றது. அது எழும்புவதற்கு முன் எழும்பிய எண்ணங்கள் பல. அவற்றை ஒளியாது வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என எண்ணுகின்றோம்.

எமது தங்கை 2003ஆம் ஆண்டு, சமாதான காலத்தில், தாய்மாமன் அழைப்பின் பேரில் ரொறன்ரோ நகருக்குச் சென்றவள். அங்கே இளவாலையைச் சேர்ந்த கத்தோலிக்க இளைஞர் ஒருவரை 2007இல் மணந்தாள். பெண்ணொன்றும் ஆணொன்றுமாகப் பிள்ளைகள் இருவர். எமது தந்தையார் 2014இற் காலமானபொழுது அவள் தனியே வந்து, தனியே திரும்பினாள். இம்முறைதான் குடும்பத்தோடு வருகிறாள். மைத்துனரின் பெற்றோர் கனடாவிலேயே கண்மூடிவிட்டனர். இளவாலையிலுள்ள அவர்களுடைய வீடு போரிலே கூரையை இழந்து, நடுக்கூடத்தில் ஆலங்கன்று முளைத்து நிற்கிறது. ஆகவே தங்குமிடம் எமது வீடுதான். கார்த்திகையில் ஒருநாள் தொலைபேசியில், பேச்சோடு பேச்சாக, "அண்ணா, அங்கை பிள்ளையளுக்கு நத்தார் இருக்குமோ?" என்று கேட்டாள்.

"ஏன் இல்லாமல்?" என்றோம் நாம். சொல்லியபின் திரும்பிப் பார்த்தால், எமது தாயார் நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையார் பெருங்கதைக் காப்புக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தொரு நாள் விரதம் அது. இருபத்தோரிழை நூலைக் கையிற் கட்டி, ஒருபொழுது உண்டு, மருதடிப் பிள்ளையார் கோவிலிற் கதை கேட்டு முடிப்பார். இம்முறை விரதம் நத்தாரை அணுகித்தான் நிறைவெய்துகிறது. நத்தாரை ஒட்டியே திருவெம்பாவையும் தொடங்குகிறது. ஆண்டு முழுவதிலும் எமது வீட்டுக் குசினி மிக ஆசாரமாக இருக்கும் நாட்கள் இவையே.

தாயார் நாட்காட்டியை ஆணியில் மாட்டினார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "அப்ப வீட்டுக்கு வெள்ளையடிக்க வேணும்" என்றார். அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் வெள்ளையடிப்பது தைப்பொங்கலை ஒட்டி என்பது வாசகர்கள் அறிந்ததே. மாரி ஓய்ந்து, பனி விழுந்து, வெயில் தலைகாட்டும் காலம் அது. கார்த்திகை மழைக்குள் சுண்ணாம்பு பூசுவோர் உலகில் எவருமிலர். வேலைக்கு வந்தவர் எம்மை ஒருமுறை பார்த்தார், வானத்தை ஒருமுறை பார்த்தார், கூலியைச் சற்று உயர்த்திச் சொன்னார். பூசிய சுவர் மூன்று நாளாகியும் காயாது சாம்பல் நிறமாய் நின்றது. கோவிலுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்த அயலவர் ஒருவர், "என்னக்கா, பொங்கலுக்கு இவ்வளவு முந்தியோ?" என்று வினவ, "ஓம், மழைக்கு முந்திச் செய்து போடுவமெண்டு" என விடை பகர்ந்தார் எமது தாயார். அவர் அதைக் கூறியபொழுது மழை கொட்டிக்கொண்டிருந்தது. பொய்யுரையாத அம்மையார் விரத காலத்தில் உரைத்த அந்தப் பொய்யை நாமும் கேளாதவர்போல் இருந்துவிட்டோம். ஏனெனில் அயலவர்க்கு உண்மையைச் சொல்லும் துணிவு எமக்கும் அப்போது இருக்கவில்லை.

இத்துணிவின்மையை எண்ணி எமக்கு வெட்கம் உண்டாயிற்று. எமது வீட்டிலே அந்நியச் சமயத்தின் சாயல் படக்கூடாது என்று நினைப்போர், வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நன்று. நாம் அமர்ந்திருப்பது கதிரை. முன்னால் இருப்பது மேசை. தாயார் பட்டுச்சேலையை வைத்துப் பூட்டுவது அலுமாரி. சங்கொலி வருவது யன்னலூடாக. விரதச் சமையல் நடைபெறுவது குசினியில். இவை யாவும் பறங்கியர் விட்டுச்சென்ற சொற்கள். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கவர்ந்து, 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்த போர்த்துக்கேயர், கோட்டையை விடவும் உறுதியாகக் கட்டியவை இச்சொற்களே போலும். நத்தார் என்பதும் அவர்களுடைய மொழியிற் பிறப்பைக் குறிக்கும் 'நத்தால்' என்பதன் திரிபே. தமிழகத்தார்க்கு இச்சொல் பெரும்பாலும் விளங்காது. எமக்கோ அது வீட்டுச் சொல்.

அதுவுமன்றி, நத்தாருக்கென ஒரு வீட்டை ஆயத்தப்படுத்துவதே இக்குடாநாட்டில் ஒரு காலத்திற் குற்றமாக இருந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தி, அவர்களுடைய பூசையைத் தடைசெய்திருந்த வேளையில், கோவாவிலிருந்து யோசேவ்வாஸ் அடிகளார் 1687இல் பிச்சைக்காரரைப்போல் வேடம் பூண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சில்லாலையிற் கரந்துறைந்து, இரவுகளிலே வீடு வீடாகப் பூசை செய்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், பட்டினத்திலே வீடுகளை அலங்கரித்துப் பூசைக்காகக் கூடியிருந்த மக்கள்மீது ஒல்லாந்தச் சிப்பாய்கள் பாய்ந்தனர். பலர் கைதாயினர். அடிகளார் மட்டும் அகப்படவில்லை. அவரே 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி கொழும்புக் காலிமுகத் திடலிலே பாப்பரசர் பிரான்சிசினால் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டவர்.

அவ்விரவிலே அவ்வீட்டுப் பெண்கள் எவ்வாறு ஆயத்தம் செய்திருப்பர் என்பதனை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. விளக்கை ஏற்றவும் வேண்டும், வெளிச்சம் வெளியே தெரியவும் கூடாது. பலகாரம் சுடவும் வேண்டும், எண்ணெய் மணம் தெருவுக்குப் போகவும் கூடாது. மழைக்கு முந்தி வெள்ளையடிப்பதாக அவர்களும் எவரிடமாவது சொல்லியிருப்பர். சில்லாலைக்கு அணித்தான இளவாலையார் வீட்டுப் பிள்ளைகள் இப்பொழுது எமது வீட்டுக்கு வருகின்றனர்.

எமது வேலிக்கு அப்பால் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வசிக்கின்றார். ஊரில் எல்லோர்க்கும் அவர் 'ரீச்சர் அக்கா'. அவருடைய முன்னோர் அமெரிக்க மிசன் காலத்திற் கிறிஸ்தவர் ஆனோர். கத்தோலிக்கர் வேறு, தாம் வேறு என்பதனை எமக்கு நுணுக்கமாக விளக்கும் இயல்பினர். நத்தாரைப் பற்றி ஏதேனும் அறிய வேண்டின் அவரிடமே செல்வது வழக்கமாதலால், இம்முறையும் சென்றோம்.

ஈண்டு ஒரு சிறு செய்தி. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் எந்த மரபிலிருந்து வந்தனரோ, அம்மரபிலே நத்தாருக்கு இடமிருக்கவில்லை. வேதாகமத்திலே திகதி கூறப்படாத திருநாளைக் கொண்டாடுதல் பிழை என்பது அவர்களுடைய முன்னோரான தூய்மைவாதியர் கொள்கை. மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தில், நத்தார் கொண்டாடுவோர்க்கு ஐந்து சிலிங் தண்டம் என 1659இற் சட்டமே இயற்றினர். 1681இற் சட்டம் நீங்கிய பின்னரும் தயக்கம் நீங்கவில்லை. அம்மாநிலத்தில் நத்தார் சட்டபூர்வ விடுமுறை ஆனது 1856இலேதான். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, எமது மானிப்பாயிலே தமிழிலேயே மருத்துவம் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன், அந்த மாநிலத்து வூஸ்ரர் நகரத்தவர். அவர் கப்பலேறியபொழுது அவருடைய ஊரில் டிசம்பர் 25 வேலைநாள்! சைவராகிய நாம் நத்தாரை எண்ணித் தயங்கியது வியப்பன்று, நத்தாருக்குத் தயங்கிய கிறிஸ்தவரும் உளர் என்று ரீச்சர் அக்காவிடம் சொன்னோம். "அது அந்தக் காலம். இப்ப நான் கேக் அடிக்க வேணும், தம்பி கஜுவை வெட்டித் தாரும்" என்றார்.

கஜு வெட்டிக்கொண்டே கேட்டவற்றுள் ஒன்றை இங்கே குறிக்க வேண்டும். அவருடைய மக்கள் மூவரும் மூன்று தேசங்களில் உள்ளனர். கணவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள். எனினும் ஆண்டுதோறும் ரவையை வறுத்து, பூசணி அல்வாவும் இஞ்சிப்பாகும் முந்திரிகை வத்தலும் நறுக்கி, பிராந்தியில் ஊறவைத்து, பெரிய தட்டு நிறையக் கேக் செய்கிறார். முன்னர் நாற்பது வீடுகளுக்குத் துண்டு போகுமாம். சென்ற ஆண்டு பதினொரு வீடுகள். "அப்ப குறைச்சுச் செய்யலாமே, அக்கா?" என்றோம். அவர் சிரித்தார். "அளவு எனக்குக் கைவழி. குறைக்கத் தெரியாது. தம்பி, எனக்கு இருபத்தஞ்சாந் திகதியை விட இருபத்துநாலாந் திகதிதான் விருப்பம். இருபத்துநாலிலை இன்னும் ஆரும் வரக்கூடும்" என்றார்.

இத்தகைய வீடுகள் எமது குடாநாட்டிற் பல. நத்தாருக்கு மட்டுமோ? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவ்வாறே. பலகாரப் பெட்டி நிறைந்திருக்கும், தின்பதற்குப் பல் உள்ளவர் இரார். கோலமிட்டு, யன்னற்சீலை தோய்த்து, கட்டிலுக்குப் புது விரிப்பிட்டு, பின் அந்த அறையின் கதவைச் சாத்திவிட்டு வருகின்ற தாய்மாரை நாம் அறிவோம். ஒன்றும் ஆயத்தம் செய்யாதிருந்தால் ஆளில்லாமை அவ்வளவு தெரியாது. எத்தனை கோப்பை எடுத்து வைப்பது என்று எண்ணும்பொழுதுதான் அது தெரிகிறது.

வடமராட்சி கிழக்கிலே இதனினும் கடினமான ஆயத்தம் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, பௌர்ணமி. நத்தாருக்கு அடுத்த காலை. மணற்காடு முதலாக உடுத்துறைக்கும் அப்பால் நீண்ட கரையைக் கடல் வாரியது. அவ்வூர்களில் இன்றும் 25ஆந் திகதிக்குக் குடில் கட்டும் கைகளே, 26ஆந் திகதிக்கு நினைவிடத்திற்கு மாலையும் கட்டுகின்றன. ஒரே சந்தையில், ஒரே நாளில், இரண்டுக்கும் சாமான் வாங்கி வருகின்றனர். எமது மாணவன் ஒருவன் அப்பக்கத்தவன். சவுக்கங்கிளை ஒன்று கொண்டுவந்து தருவாயா என்று அவனிடம் கேட்க எண்ணி, பின் கேட்கவில்லை. ஊரிலேயே ஒருவர் வளவிற் சொல்லி வைத்தோம்.

இனி, எம்மைப் பற்றிய பகுதிக்கு வருதல் வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம்.

விருந்தினர்க்கு இடம் செய்வதற்காகச் சென்ற ஞாயிறு அலுமாரியின் அடித்தட்டை ஒழித்தோம். பழைய பாடக்குறிப்புகள், விடைத்தாள்கள், தந்தையாரின் ஓய்வூதியப் பத்திரங்கள் ஆகியவற்றினிடையே மடித்த தாளொன்று இருந்தது. 2007இல் தங்கைக்கு நாம் எழுதிய கடிதத்தின் படி அது. எக்கடிதமாயினும் முதலிற் படியெழுதித் திருத்தியபின் நல்லதாள் எழுதுவது எமது பழக்கம். அவள் தன் திருமணச் செய்தியை அறிவித்து, பெற்றோரின் ஆசியை வேண்டி எழுதியிருந்தாள். மறுமொழி எழுதும் பொறுப்பை நாமே ஏற்றுக்கொண்டோம். அப்பொழுது எமக்கு வயது இருபத்தெட்டு. ஆறுமுக நாவலரின் உரைநடையை மேல்வகுப்புக்குக் கற்பிக்கத் தொடங்கியிருந்த காலம். நாவலர் நடையிலேயே எழுதினோம். குலம், ஆசாரம், முன்னோர், வழித்தோன்றல் என ஒன்றும் விடவில்லை. எதுகை கூட இரண்டோர் இடத்தில் விழுந்திருந்தது.

திருமணத்திற்கு எம்மவர் எவரும் செல்லவில்லை. விசாவுக்காகக் கொழும்பு செல்வதற்கு வழியில்லை என்று ஊருக்குச் சொன்னோம். அது மெய். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டுக் கிடந்தது. வீதி திறந்திருப்பினும் சென்றிருக்க மாட்டோம் என்பதும் மெய்யே. போர் பலருக்குப் பலவற்றைப் பறித்தது. எமக்கோ நல்லதொரு சாட்டையும் தந்தது.

அத்தாளை வாசித்தபொழுது எம்மை உறுத்தியது சமயப்பற்று அன்று. சமயப்பற்று எமக்கு இன்றும் உண்டு. நாவலரை அக்கடிதத்திற்குத் துணையாக அழைத்தமையே உறுத்தியது. நாவலர் கிறிஸ்தவத்தை எதிர்த்தவர், அதில் ஐயமில்லை. ஆயினும் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு பல ஆண்டு அமர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவரும் அவரே. தம் நீறு அழியாமல் அம்மேசையில் அமர அவருக்குத் தெரிந்திருந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியிலே சார்ள்ஸ் வின்சிலோ என்ற பெயரோடு பயின்று, 1857இற் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, பின்பு சைவராகவே வாழ்ந்து, ஏட்டிற் கிடந்த பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். அந்நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலே ஒரே குடும்பத்திற் சிலர் அங்கும் சிலர் இங்குமாக இருந்தனர். சண்டையும் இட்டனர், செத்தவீட்டுக்கும் சென்றனர். நாமோ நாவலரின் கோபத்தை மட்டும் கற்று, அதனைத் தபாலிற் சேர்த்தோம்.

கடிதம் அவளை அடைந்ததோ அறியோம். அந்நாட்களிற் கொழும்புக்குச் செல்லும் தபால் கப்பலை நம்பியிருந்தது. தங்கை ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. தந்தையாரின் மரணத்துக்கு வந்தபொழுதும் பேசவில்லை. கிடையாமையாற் பேசவில்லையோ, கிடைத்தமையாற் பேசவில்லையோ! அவள் வந்தபின் கேட்பதா வேண்டாமா என்று இன்னும் தீர்மானம் செய்ய முடியவில்லை. தாள் எமது பாடக்குறிப்பேட்டினுள் இருக்கிறது. கிழிக்க எடுத்தோம். மாணவனின் பிழையான விடையை ஆசிரியன் கிழிப்பதில்லை என்று ஏதோ ஒரு நினைப்பில் உள்ளே வைத்துவிட்டோம்.

அன்று மாலை தாயார் எம்மை அழைத்து, "மட்டுவிலிலை வைச்ச குடில் ஞாபகமோ?" என்று கேட்டார்.

ஞாபகம் இல்லாமலா? 1995ஆம் ஆண்டு அது. எமது ஊருக்கு அணித்தான நவாலியிலே, புனித பேதுருவானவர் ஆலயத்தில் சைவரும் கிறிஸ்தவருமாய்த் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது யூலை 9ஆந் திகதி விமானம் குண்டு வீசி, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட ஆண்டு. ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த ஆண்டு. நாமும் நடந்தோம். மட்டுவிலில் முன்பின் அறியாத ஒருவர் வீட்டில் நான்கு குடும்பங்கள் ஒண்டியிருந்தோம். அவற்றுள் ஒன்று குருநகர்க் கத்தோலிக்கக் குடும்பம். எமக்கு வயது பதினாறு, தங்கைக்குப் பதினொன்று.

நத்தார் வந்தது. அக்குடும்பத்துப் பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். நிவாரணச் சாமான் வந்த அட்டைப்பெட்டி ஒன்றை எமது தங்கைதான் எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். கிணற்றடிக் களிமண்ணிலே மாடும் ஆடும் பிடித்தாள். மாட்டுக்குக் கொம்பு நிற்கவில்லை, ஆகையால் எல்லாமே ஆடுகளாயின. பாலனையும் அவளே பிடித்தாள். எமது தாயார் தந்தையாரின் பழைய வேட்டியில் நான்கு விரல் அகலம் கிழித்து, "பிள்ளைக்குச் சுத்தக் குடுங்கோ" என்று நீட்டினார். அன்றும் அவர் கையிற் பெருங்கதைக் காப்பு இருந்தது. மண்ணெண்ணெய் அருமையான காலம். நான்கு குடும்பத்துக்கும் ஒரேயொரு ஜாம் போத்தல் விளக்கு. அவ்விரவு அதனைக் குடிலுக்கு முன் வைத்துவிட்டு எல்லோரும் இருளில் உண்டோம்.

"அண்டைக்கு ஒண்டும் பிழையாய்த் தெரியேல்லை, தம்பி" என்றார் தாயார். பின், "இண்டைக்குத்தான் ஒவ்வொண்டுக்கும் யோசிக்க வேண்டிக் கிடக்கு" என்றார். வீடு இல்லாதவர்க்கு ஆசாரம் இலேசு, வீடு திரும்பியபின்தான் கடினம் என்பது அவர் கருத்து என நாம் விளங்கிக்கொண்டோம். அவர் அதனை விரித்து உரைக்கவில்லை.

யோசிக்க வேண்டியவை சிறியவைதான். ஆனாற் பல. முதலாவது, முட்டை. விரதக் குசினிக்குள் முட்டை நுழைய முடியாது. முட்டையில்லாத கேக் செய்யலாமே என்று எமது மனைவி சொல்லப்போக, ரீச்சர் அக்கா மனம் நொந்துவிட்டார். "முட்டையில்லாமல் நத்தார்க் கேக்கோ? அதுக்கு நீங்கள் மோதகம் அவிக்கலாம்" என்றார். ஆண்டுதோறும் எமது தாயாருக்கென வேறு கத்தியால் வெட்டி, வாழைப்பழமும் கற்கண்டும் மட்டும் வைத்து, 'முட்டை படாத தட்டு' அனுப்புகிறவர் அவரே. அத்தட்டை எமது தாயார் ஒருபொழுதும் வெறுந்தட்டாகத் திருப்பியதில்லை. ஆகவே இவ்விடயம் அவ்விருவரும் வேலியடியில் நின்று பேசி முடிவாயிற்று. கேக் அவர் வீட்டில் இருக்கும். பிள்ளைகள் பொட்டுக்குள்ளால் நுழைந்து போய் உண்டு வருவர். பயற்றம் பணியாரமும் முறுக்கும் எமது வீட்டில். அவை இரு சமயத்துக்கும் பொது.

இரண்டாவது, பூசைக்குப் போதல். நள்ளிரவுப் பூசைக்கு அவர்கள் இளவாலைக்குச் செல்ல வேண்டும். திரும்பி வந்து படுக்கும் நேரத்திற் திருவெம்பாவைச் சங்கு தெருவில் வந்துவிடும். முன்னிரவிலே கரோல் பாடி வருவோரும், விடியற்புறத்திலே சங்கும் சேமக்கலமுமாய் வருவோரும் எமது ஒழுங்கையில் ஒருவர் பின் ஒருவராக நடப்பது புதிதன்று. ஒரே நாய் இரு சாராரையும் பார்த்துக் குரைக்கும். ஆனால் கனடாவிற் பிறந்த சிறுவர் இருவர் அதற்கிடையில் எப்படித் துயில்வர் என்பது எமது மனைவியின் கவலை. எமது மகனோ, இருவரையும் எழுப்பிச் சங்கோடு கூட்டிக்கொண்டு போவதாகத் திட்டமிட்டிருக்கிறான். மைத்துனர் என்ன நினைப்பார் என்று கேட்டோம். "மாமாவைக் கேட்டனான், தானும் வாறாராம்" என்றான். எமக்கு முன்னரே அவன் பேசி முடித்திருந்தான்.

மூன்றாவது, குடிலின் இடம். சாமியறையில் வைக்கலாமோ என்று நாமே கேட்டோம். கேட்டதிற் சற்றுப் பெருந்தன்மை காட்டும் எண்ணமும் இருந்தது என்பதனை மறைக்க வேண்டியதில்லை. தாயார் மறுத்தார். "அவையவைக்கு அவையவையின்ரை இடம் வேணும். விருந்தாளியைச் சாமியறைக்குள்ளை படுக்க விடுறேல்லை, முன் விறாந்தையிலை நல்ல பாய் போட்டுத்தான் விடுறது" என்றார். விறாந்தையின் வடகிழக்கு மூலை தீர்மானமாயிற்று. எமது வாசிப்பு மேசை வெளியேறியது.

மூலை தீர்ந்ததும் வாசல் பிரச்சினை எழுந்தது. குடிலின் வாசல் எத்திசை பார்க்க வேண்டும்? ரீச்சர் அக்கா, தம் வீட்டிற் குடில் வைக்கும் வழக்கம் இல்லையாதலால் தமக்குத் தெரியாது என்று கையை விரித்தார். நாம் புத்தகத்தைத் தேடப் போனோம். திரும்பி வந்து பார்த்தால், தாயார் எமது மகனைக்கொண்டு தொலைபேசியை எடுப்பித்து, மைத்துனரை அழைத்துவிட்டிருந்தார். இத்தனை ஆண்டுகளில் அவ்விருவரும் நேரிற் பேசிக்கொண்டது அதுவே முதன்முறை. சுகம் விசாரிக்கவும் இல்லை. "தம்பி, குடிலின்ரை வாசல் எந்தப் பக்கம் வைக்கிறது?" என்று தொடங்கினார்.

எந்தப் பக்கமும் வைக்கலாம், மாமி, என்றார் அவர். அது தாயாருக்குத் திருப்தி தரவில்லை. கிழக்கு என்று தாமே முடிவு செய்தார். பின் பாலனைப் பற்றிக் கேட்டார். பாலனை முன்னதாகவே வைப்பதில்லை, பூசை முடிந்து வந்து நடுச்சாமத்திலேதான் கிடத்துவது என்று மைத்துனர் விளக்கினார்.

"அப்ப அதுமட்டும் தொட்டில் வெறுமையாய்க் கிடக்குமோ?"

"ஓம் மாமி. அதுமட்டும் வைக்கோல் மட்டுந்தான்."

தாயார் தொலைபேசியை மகனிடம் கொடுத்துவிட்டுச் சிறிது நேரம் அம்மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன்பின் எம்மை நோக்கி, மாட்டுக்காரர் வீட்டில் வைக்கோல் வாங்கி வரும்படி சொன்னார். வாங்கி வந்தோம். மழையில் நனைந்த வைக்கோல். பச்சைப்பிள்ளையை ஈரத்திற் கிடத்த முடியாது, காயப்போட வேண்டும் என்கிறார். நான்கு நாட்களாக வெயில் இல்லை. குசினியில் அடுப்புக்கு மேலே, பறணிற் பரப்பி வைத்திருக்கிறோம்.